சிவப்புப் பெட்டியில தொண்ணூத்தி நாலு சாமான்

தெருவுல அவருக்கு இன்ஜினியர்னு பேரு. படிச்சு வாங்கின பட்டம் இல்ல. மனுஷன் இன்சூரன்ஸ் ஆபீஸ்ல கிளார்க். யார் வீட்டு ஃபேன் நின்னாலும் முதல் ஆளாப் போய்க் கழட்டுவாரு. திரும்ப மாட்டுறதுக்குத்தான் வேற ஆள் தேடணும்.

அந்த ஞாயித்துக்கிழமை அவரோட கார் விக்கல் எடுத்துச்சு. ஒரு அடி போகும், ரெண்டு தடவை குலுங்கும். இன்ஜினுக்குப் பொறி குடுக்கிற ஸ்பார்க் பிளக் போச்சுன்னாரு. அவர் சம்சாரம் முன்ரூம்ல தையல் மிஷின் போட்டு உக்காந்திருக்கிறவங்க. மிஷினைத் தானே பிரிச்சு, தானே எண்ணெய் விடுவாங்க. ஊசி மாத்தினா பழசைப் புது ஊசி வந்த உறைக்குள்ளயே போட்டு ஓரமா வைப்பாங்க, யார் கால்லயும் குத்திடக் கூடாதுன்னு. மெக்கானிக்கைக் கூப்பிடலாமேன்னாங்க. அப்படியே, லைசென்ஸ் வாங்கி மூணு வருஷமாச்சு, நானும் ஒருநாள் ஓட்டிப் பாக்குறேனேன்னும் சேத்துச் சொன்னாங்க.

இன்ஜினியருக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சு.

"இந்தா பாரு, வண்டி வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவன் கையிலதான் சாவி இருக்கணும்."

"அப்ப யார் பிளக்கை மாத்துறாங்களோ, அவங்க கையில சாவி. சரிதானே?"

"நூத்துக்கு நூறு."

"சார், கேட்டுக்கிட்டீங்கல்ல?"

எதிர்வீட்டு ரிட்டயர்ட் வாத்தியார் செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருந்தவரு, கேட்டுக்கிட்டேன்னு தலையாட்டினாரு. இன்ஜினியருக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. தோக்க வழியே இல்லாத பந்தயம்.

ரெண்டு தெரு தள்ளி டூல்ஸ் கடை. நாலு புது பிளக் எடுத்துக் குடுத்த கடைக்காரர், இதைக் கழட்ட பிளக் தலையில மாட்டித் திருகுற தனி சாக்கெட் வேணுமே, இருக்கான்னு விசாரிச்சாரு. இருக்கான்னு கேக்கறதா? இருக்கறதுலயே பெரிய சிவப்புப் பெட்டியைக் காட்டி அதை எடுங்கன்னாரு இவரு. தொண்ணூத்தி நாலு சாமான். வீட்டுக்கு வந்து எண்ணிப் பாத்தா தொண்ணூத்தி நாலும் இருக்கு, பிளக் சாக்கெட் மட்டும் இல்ல.

மறுபடியும் கடை. என்ன சைஸ்னு கேட்டாரு கடைக்காரர். பெருசாவே குடுங்க, சின்னதுக்கும் ஆகும்னு இருபத்தியொண்ணாம் நம்பர் சாக்கெட் வாங்கிட்டு வந்தாரு. அது பிளக் இருக்கிற குழிக்குள்ளயே இறங்கல. யானையை அடுக்களைச் சன்னல் வழியா அனுப்புற கதை. மூணாவது தடவை போய் பதினாறு வாங்கினாரு. அது சமர்த்தா இறங்கி பிளக்கைக் கவ்விக்கிச்சு. ஆனா குழி ஒரு சாண் ஆழம், கைப்பிடி மேலயே நின்னுடுச்சு. நடுவுல ஒரு நீட்டுக்கம்பி வேணும். நாலாவது நடை. கடைக்காரர் சாப்பிடப் போயிட்டாரு. பூட்டின கடை வாசல்ல ஒரு மணி நேரம் வெயில் காஞ்சுட்டு, கம்பியோட திரும்பினாரு.

வாசல்லயே சம்சாரம் நின்னாங்க. "ஏங்க, ஒரு விஷயம்..."

"வேலை முடியிற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

திறக்கல. ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து சட்டைக்குப் பட்டன் தைக்க ஆரம்பிச்சுட்டாங்க.

ஒவ்வொண்ணாக் கழட்டினாரு. வெண்ணெய் மாதிரி வந்துச்சு. கழட்டினதை வாத்தியார்கிட்ட தூக்கிக் காட்டினாரு. "பாத்தீங்களா சார், நாலு வருஷம் ஓடின பிளக். பளபளன்னு இருக்கு. நம்ம பராமரிப்பு அப்படி."

அடுத்து டப்பாவைப் பிரிச்சு எடுத்தாரு. நாலும் கறுப்பு.

"என்ன சார், புதுசு இப்படி இருக்கு?"

"இப்பல்லாம் கறுப்புலதான் சார் வருது. சூடு தாங்கும்."

சம்சாரம் தலையைக் குனிஞ்சு நூலைப் பல்லால கடிச்சாங்க. தோள் மட்டும் லேசாக் குலுங்குச்சு.

நாலையும் மாட்டி, வேர்வையைத் துடைச்சு, சாவியைத் திருப்பினாரு. வண்டியும் குலுங்குச்சு. காலைல எடுத்த அதே விக்கல்.

"இப்பப் பேசலாமா?"

இன்ஜினியர் சாவியை இன்னொரு தடவை திருப்பிப் பாத்தாரு.

"நீங்க கடை வாசல்ல நின்னப்பவே நான் நாலையும் மாத்திட்டேன். பழசைப் புது டப்பாவுல போட்டு வச்சேன். நம்ம பழக்கம் அது. நீங்க புதுசைக் கழட்டிட்டு, பழசை மாட்டியிருக்கீங்க."

"கம்பி? கம்பி ஏது உனக்கு?"

"உங்க பெட்டியில மேல்தட்டைத் தூக்கினா கீழ ஒரு தட்டு இருக்கு. அதுல படுத்திருந்துச்சு, நீங்க எண்ணினதுல அதுவும் ஒண்ணு. தொண்ணூத்தி நாலு எண்ணத் தெரிஞ்ச மனுஷன், என்னென்னன்னு பாக்கலையே."

கறுப்பு நாலையும் கழட்டிட்டு, பளபளன்னு இருந்த நாலையும் எடுத்து, முதல்ல கையால மெதுவாத் திருகி, அப்புறம் கம்பி போட்டு இறுக்கினாங்க. இருபது நிமிஷம். வண்டி பூனை மாதிரி ஸ்டார்ட் ஆச்சு.

வாத்தியார் தண்ணிக் குழாயைக் கீழ வச்சுட்டு, சாவியைப் பாத்தாரு. பிறகு இன்ஜினியரைப் பாத்தாரு. சாட்சின்னா சாட்சிதான். இன்ஜினியர் சாவியைக் குடுத்துட்டு, எங்க போறோம்னு கேட்டாரு. வேண்டாத இருபத்தியொண்ணையும் இன்னொரு கம்பியையும் கடையில திருப்பிக் குடுக்கன்னாங்க. சரி, பக்கத்துல உக்காந்து வழியாவது சொல்லலாம்னு முன்கதவைத் திறக்கப் போனாரு.

"பின்னாடி ஏறுங்க. முன்சீட்டுல வேலைக்கு ஆகுற ஆள் உக்காந்திருக்கு."

குனிஞ்சு பாத்தாரு. சிவப்புப் பெட்டி, பெல்ட்டெல்லாம் போட்டுக்கிட்டு.