முரளி தரை இறங்கட்டும்

"தொடப்பத்த எங்க ஒளிச்சு வெச்சிகீற?" என்று நாகையா மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"முரளி போய்ச் சேரட்டும், அப்பால தர்றேன்," என்றாள் செல்லியம்மா.

வெளியூர் போன பிள்ளை போய்ச் சேரும்வரை அவள் வீட்டைப் பெருக்க மாட்டாள். சித்தூருக்குப் பஸ்ஸில் போனால் சரி. முரளி கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா அல்லவா போயிருக்கிறான்! நேற்று வழியனுப்ப வந்த கூட்டம் தின்று போட்ட மாங்கொட்டையும் தோலும் கூடமெல்லாம் கிடந்தன. இன்றைக்குப் பார்த்து, அவன் தங்கை ரூபாவைப் பெண் பார்க்கத் திருச்சானூரிலிருந்து வருகிறார்கள். நல்ல இடம். கைநழுவினால் இன்னொன்று இப்படி அமையாது.

நாகையா டிக்கெட் நகலை எடுத்து வந்தார். "இதோ பாரு. ராத்திரி ஒரு மணிக்கு மெட்ராஸ்ல ஏர்றான், காலைல ஒன்பதரைக்கு அமெரிக்காவுல எறங்கறான். இப்ப மணி பத்து. எறங்கி டீயே குடிச்சிருப்பான்."

"அவ்ளோ சீக்கிரமாவா?"

"ஐதராபாத் பஸ்ஸே இதவிட லேட்டு," என்றார் நாகையா பெருமையாக.

அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து துடைப்பம் வெளியே வந்தது. பெருக்கிக் குப்பைமேட்டில் கொட்டிவிட்டு நிமிர்ந்தால், எஸ்.டி.டி. பூத் பவன்குமார் வெற்றிலைக் கட்டோடு நிற்கிறான்.

"பெரிப்பா, ஒன்பதரைன்றது அவங்க ஊர் டைமு. நமக்கு அது ராத்திரி பத்து. பதினாலாயிரம் கிலோமீட்டராச்சே! முரளி இன்னும் ஜெர்மனியே போய்ச் சேரல. அங்க எறங்கி வேற ப்ளேன் மாறணும்."

செல்லியம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, எம் புள்ள ஆகாசத்துல கீறப்ப பெருக்கித் தள்ளிட்டனே!"

"தள்ளினத திரும்பக் கொண்டாந்துட்டா சரியாப் பூடும்மா," என்றாள் ரூபா.

பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முறத்தோடு ஓடினாள். அண்ணன்மேல் அவளுக்கு உயிர். கோழி கிளறியதைக்கூட விடாமல் பொறுக்கி வந்து, எது எங்கே கிடந்ததோ அங்கேயே போட்டாள். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு நேர்த்தி!

இரண்டாம் நடையில் வாசலில் கார் வந்து நின்றது. நாகையா பதறிப்போய்க் குப்பைமேல் ஜமுக்காளத்தை விரித்தார். மாப்பிள்ளையின் அப்பா திருவேங்கடம் அதில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். உடனே "ஆ!" என்று துள்ளி எழுந்தார். அடியில் மாங்கொட்டை.

"மன்னிச்சுக்கோங்க," என்று நாகையா ஜமுக்காளத்தை வெடுக்கென்று இழுத்தார். மாந்தோலெல்லாம் பறந்து சம்பந்தியின் வெள்ளை வேட்டியில் இறங்கியது.

செல்லியம்மா கைகூப்பி நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். "நீங்க இன்னா நெனச்சிக்கினாலும் சரிங்க. எம் புள்ள எறங்கற வரைக்கும் நான் பெருக்க மாட்டேன்."

சம்பந்தம் போயிற்று என்று நாகையா தூணில் சாய்ந்துவிட்டார். ரூபாவின் கையில் இன்னும் அந்த முறம் இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா ரத்தினம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தட்டு மாத்திக்கலாங்க. அடுத்த மாசம் எம் பையனும் அமெரிக்காவுக்கு ப்ளேன் ஏர்றான். குப்பைய வெளிய கொட்ற பொண்ணுங்கள எல்லா ஊர்லயும் பாத்துட்டேன். உள்ள கொண்டாற பொண்ண இங்கதான் பாக்கறேன்!"