ஓவசியரின் வைரமும் உடைந்த யன்னலும்

மாரி தொடங்குவதற்கு முன்னர் முன்யன்னலுக்குத் தன் கையாலேயே கண்ணாடி போட்டு முடிப்பது என்று சோமசேகரம் தொண்ணூற்றிமூன்றாம் ஆண்டுப் புரட்டாதியில் ஒரு காலைப்பொழுது முடிவெடுத்தார். அவர் ஒரு முடிவெடுத்தால் எடுத்ததுதான். மனைவி குணலட்சுமி மாற்றும்வரை அதை யாராலும் மாற்ற முடியாது.

யன்னல் உடைந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். மருதனார்மடத்துக்குப் பின்பக்கம் இருந்த அந்த வீட்டுக்கு மேலால் குண்டு போடுகிற பொம்மர் போயிருக்கிறது. ஷெல் கூவிக்கொண்டு போயிருக்கிறது. கூரை ஓடுகள் கழன்று விழுந்திருக்கின்றன. அந்தக் கண்ணாடிக்கு ஒன்றும் நடக்கவில்லை. இவ்வளவுக்கும் தப்பிய கண்ணாடி, சோமசேகரம் முருங்கைக்காய் பறிக்கப் போன அன்று தப்பவில்லை. கொக்கத்தடியின் கொக்கி காயில் மாட்டியிருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தவர், தடியின் மறுமுனை எங்கே நிற்கிறது என்று பார்க்கவில்லை. அது யன்னலுக்குள்ளால் வீட்டுக்குள் போய்ச் சுகம் விசாரித்துவிட்டு வந்தது.

சத்தம் கேட்டுக் குணலட்சுமி வெளியே வந்தபோது அவர் தடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். தடி அவரைவிட இரண்டு மடங்கு உயரம்.

"பொம்மர் அதிர்விலை வெடிச்சுப் போச்சப்பா" என்றார்.

"எந்தப் பொம்மர்?"

"இப்ப போனதே. உனக்குக் கேக்கேல்லையே?"

"கேட்டது. 'ஐயோ' எண்டு பொம்மர் கத்தினதும் கேட்டது."

அத்துடன் விசாரணை முடிந்தது.

கண்ணாடி வாங்கச் சுன்னாகத்துக்குச் சைக்கிளில் போனார். கடைக்காரன் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"சவுக்காரம் இல்லை, பற்றறி இல்லை, நெருப்புப்பெட்டி இல்லை. உங்களுக்கு யன்னல் கண்ணாடி கேக்குதோ அண்ணை? கொழும்பு லொறியிலை கண்ணாடி வந்தா உடன சொல்லி அனுப்புறன். பேரனிட்டைச் சொல்லி வையுங்கோ."

சோமசேகரத்துக்கு அப்போது பேரன் இல்லை.

ஆகவே குணலட்சுமி ஒரு பழைய யூரியாச் சாக்கை எடுத்து யன்னலுக்கு ஆணி அடித்தாள். ஊருக்கு யூரியா வருவது நின்று கனகாலம். சாக்கு மட்டும் மிச்சமாய்க் கிடந்தது. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சரான சோமசேகரத்தின் வீட்டு முகப்பில் 'யூரியா' என்ற எழுத்துக் காற்றில் ஆடிக்கொண்டு நின்றது. தெருவால் போனவர்கள் நின்று வாசித்துவிட்டுப் போனார்கள். சங்கக்கடையிலேயே வாசிக்க ஒன்றும் இல்லாத காலம் அது.

சாய்மனைக் கதிரையில் படுத்துக்கொண்டு இந்த அவமானத்தைப் பற்றி யோசித்த சோமசேகரத்தின் கண், எதிர்ச்சுவரில் போய் முட்டியது. அங்கே அவருடைய மாமனார் இருந்தார்.

றோட்டு வேலைகளை மேற்பார்த்த, காலஞ்சென்ற ஓவசியர் பரமலிங்கம். பெரிய சட்டம், பெரிய கண்ணாடி, அதைவிடப் பெரிய மீசை. தார் காய முதல் றோட்டில் கால் வைத்தவனைப் பார்க்கிற பார்வை. கலியாணம் முடித்த நாள் தொடக்கம் சோமசேகரம் அந்தப் பார்வைக்குக் கீழேதான் சாப்பிட்டார், தூங்கினார், பேப்பர் வாசித்தார். சீதன வீட்டில் இருக்கிறவன் படத்தைக் கழற்று என்று சொல்ல முடியுமா?

படத்தையாவது பொறுக்கலாம். தோட்டைப் பொறுக்க முடியவில்லை.

மகளுக்குச் சீதனமாக ஓவசியர் ஒரு சோடி ஒற்றைக்கல் வைரத்தோடு கொடுத்திருந்தார். வீட்டில் எந்த வாக்குவாதம் வந்தாலும் குணலட்சுமி வாய் திறக்க மாட்டாள். வலது காதை இரண்டு விரலால் மெல்லத் தொடுவாள். அவ்வளவுதான். 'எங்கடை அப்பா வைரம் போட்டு அனுப்பினவர்' என்று அதற்குப் பொருள். நாட்டில் சண்டை தொடங்கிய பிறகு தோடு காதில் இருப்பதில்லை, வெறுங்காதைத்தான் தொடுவாள். அதற்கே சோமசேகரத்தின் வாய் அடைத்துப்போகும்.

அவரும் சும்மா இருக்கவில்லை. மூத்தவன் பிறந்தபோது, மாமனாருக்குத் தான் சளைத்தவனல்ல என்று காட்டுவதற்காக, அச்சொட்டாய் அதே அளவு, அதே கட்டு, அதே மினுக்கத்தில் தானும் ஒரு சோடி வாங்கிக் கொடுத்தார். "எது ஓவசியற்றை, எது என்ரை எண்டு கடவுளுக்கும் தெரியாது" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். என்ன பிரயோசனம்? குணலட்சுமி தொட்டது அப்பாவின் தோட்டை நினைத்துத்தான்.

ஆனால் சோமசேகரத்தின் அடிமனத்தில் ஒரு சந்தேகம் நெடுநாளாய் ஊறிக்கொண்டிருந்தது. றோட்டுக்குப் போடவேண்டிய கல்லிலேயே பாதி றோட்டுக்கு வந்து சேராத காலத்து ஓவசியர், தோட்டுக்குப் போட்ட கல்லில் மட்டும் நேர்மையாய் இருந்திருப்பாரா? அது வைரமே அல்ல, வெறும் கண்ணாடித் துண்டு என்று அவர் உள்மனம் சொன்னது. நிரூபிக்கத்தான் வழி இல்லை. நகைக்கடைக்குக் கொண்டுபோகிறேன் என்றால் வீடு இரண்டாகிவிடும்.

இப்போது உடைந்த யன்னல் வழி காட்டியது. மாமனாரின் படத்துக் கண்ணாடியை எடுக்கலாம். அது யன்னலைவிடப் பெரிது, வெட்ட வேண்டும். கண்ணாடியை வெட்ட வைரம் வேண்டும். சோமசேகரம் கதிரையிலிருந்து எழுந்து மாமனாரைப் பார்த்து, வாழ்க்கையில் முதல்தடவையாக, சிரித்தார்.

முதலில் வேலிக்கு அங்கால் இருந்த முருகேசுவிடம் சொன்னார். முருகேசு தச்சுவேலை செய்து ஓய்ந்தவர். ஒரு விசயம் வேகமாய் ஊர் முழுக்கப் பரவ வேண்டுமென்றால் முருகேசுவிடம் 'ஒருத்தருக்கும் சொல்லாதேயும்' என்று சொன்னால் போதும்.

"வைரம் என்னத்துக்கண்ணை? கண்ணாடி வெட்டுற அலகு என்னட்டைக் கிடக்கு. இப்பவே எடுத்தாறன்."

"அதை உள்ளுக்கை வையும்! கூப்பிட்ட உடன நீர் வந்தாக் காணும். வைரம் வெட்டாத கூத்து ஒண்டு பாப்பீர்."

"ஆற்றை வைரம்?"

"ஓவசியற்றை. ஒருத்தருக்கும் சொல்லாதேயும்."

இந்தக் கதை நடக்கையில் குணலட்சுமி கிணற்றடியில் நின்றாள். கிணற்றடிக்கும் வேலிக்கும் இடையில் இருந்தது ஒரு வாழை மட்டுமே. வாழை ஒன்றையும் மறைக்கிற சாதி அல்ல என்பது சோமசேகரத்துக்குத் தெரிந்திருக்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டில் கதையைத் தொடங்கினார். குணலட்சுமி குதிப்பாள் என்று நினைத்து, காலை முழுக்க யோசித்த நியாயங்களை வரிசையாய் வைத்திருந்தார்.

"இஞ்சேரப்பா, மழை வரப்போகுது. கொப்பற்றை படத்துக் கண்ணாடியை எடுத்து யன்னலுக்குப் போட்டா என்ன?"

"ஓம், எடுங்கோ."

வரிசையாய் வைத்த நியாயமெல்லாம் வீணாகப் போனது.

"அதை வெட்ட வேணும். வைரத்தாலைதான் வெட்டலாம்."

"ஓம்."

"கொப்பர் தந்த தோடு..."

"தாறன்."

சோமசேகரத்துக்கு இது பிடிக்கவில்லை. சண்டை இல்லாத வெற்றியில் என்ன சுவை?

"இஞ்சாருங்கோ, ஒண்டு கேக்கிறன்" என்றாள் குணலட்சுமி, அவருடைய சோற்றுக்கோப்பையில் இன்னும் கொஞ்சம் முருங்கைக்காய்க் குழம்பை விட்டபடி. "தோடு கண்ணாடியை வெட்டாட்டி என்ன கருத்து?"

"அது வைரமில்லை எண்டு கருத்து."

"அப்ப அதைத் தந்த மனிசன்?"

"ஏமாத்துக்காரன்! வேறென்ன? பேந்து இந்த வீட்டிலை ஒருத்தரும் காதைத் தொடப்படாது. கொப்பற்றை படமும் அறைக்குள்ளை போகும்."

"நியாயந்தான். தோட்டைத் தந்த மனிசனுக்கு இனி இந்த வீட்டிலை மரியாதை இல்லை. உதை முருகேசண்ணைக்கு முன்னாலையும் சொல்லுவியளோ?"

"முருகேசுவென்ன, சங்கக்கடை வாசல்லை நிண்டு சொல்லுவன்."

"அப்ப சரி. இன்னும் எப்பன் சோறு போடட்டே?"

ஞாயிற்றுக்கிழமை காலை முருகேசு வந்தார். யாரும் சொல்லாமலே அவர் தலைவாரி, வெள்ளை வேட்டி கட்டி, வீபூதி பூசி வந்திருந்தார். கோயில் கொடியேற்றத்துக்குக்கூட அவர் இவ்வளவு நேரத்துக்கு வந்தவரல்ல.

நிலத்தில் சாக்கை விரித்து, அதன்மேல் ஓவசியரின் கண்ணாடி. கண்ணாடி போன படம் பழையபடி சுவரில். குணலட்சுமி அறைக்குள் போய் ஒற்றைத் தோட்டைக் கொண்டுவந்து கணவனின் உள்ளங்கையில் வைத்தாள். புதிதாய்த் துடைத்து எடுத்ததுபோல் அது மினுங்கியது. 'மினுங்கு, மினுங்கு. இன்றைக்குத்தான் உனக்குக் கடைசி' என்று சோமசேகரம் மனத்துக்குள் சொல்லிக்கொண்டார்.

ஒரு பென்சிலின் நுனியைப் பிளந்து, தோட்டின் தண்டை அதற்குள் செருகி, நூலால் இறுக்கிச் சுற்றினார். அடிமட்டத்தை வைத்தார். தொண்டையைச் செருமினார். கோடு இழுத்தார்.

கல் வழுக்கிக்கொண்டு போனது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை.

"இன்னொருக்கா அமத்தி இழுங்கோ அண்ணை" என்றார் முருகேசு.

அமத்தி இழுத்தார். முட்டுக்காலில் நின்று இழுத்தார். குப்புறப் படுத்துக்கொண்டு இழுத்தார்.

முருகேசு குனிந்து பார்த்தார். "எறும்பு போனாலும் இதைவிட அடையாளம் இருக்கும்."

சோமசேகரம் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். இருபது வருசத்துக்கு மேலாய் அடக்கி வைத்திருந்ததெல்லாம் மேலே ஏறி வந்தது. அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியது, சந்தோசம் அவ்வளவு.

"முருகேசு, நீர் சாட்சி! உந்தத் தோட்டைத் தந்த மனிசன் சரியான கள்ளன். ஒரு அப்பாவிப் பொம்பிளையின்ரை காதிலை போத்தலோட்டைக் கொழுவிவிட்டிட்டு, வைரமெண்டு ஊரெல்லாம் பீத்தித் திரிஞ்ச மனிசன். வெக்கம் கெட்ட மனிசன்!"

"விடுங்கோ அண்ணை. செத்த மனிசன்..."

"செத்தா என்ன, இருந்தா என்ன? தந்தவன் தந்தவன்தான்! அவன்ரை மூஞ்சையை இனி ஒருத்தரும் இந்த வீட்டிலை மதிக்கப்படாது!"

குணலட்சுமி கதவு நிலையில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பொறுமையாய்க் கேட்டாள்.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

"இன்னும் ஏதும் மிச்சம் கிடந்தாச் சொல்லுங்கோ. முருகேசண்ணையும் நிக்கிறார்."

"இவ்வளவும் காணும்."

அவள் இடுப்பில் செருகியிருந்த சின்னத் துணிப்பையை எடுத்தாள். முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இன்னொரு சோடித் தோடு.

"இதுதான் அப்பா தந்தது. பொம்மர் வரேக்கை பங்கருக்குள்ளை நான் கட்டிக்கொண்டு ஓடுறது இதை. உங்கடை கையிலை இருக்கிறது நீங்கள் தந்தது. அது பெட்டிக்குள்ளை சும்மா கிடக்கிறது."

சோமசேகரம் பென்சில் நுனியில் இருந்த தோட்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். முருகேசு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனக்கா, மற்றதைக் கொண்டு ஓடுறேல்லை?"

"போனாப் போகட்டுமெண்டுதான்."

சோமசேகரத்துக்கு ஒரு முகம் ஞாபகம் வந்தது. பருத்தித்துறையில் வள்ளத்தால் வந்திறங்கிய வியாபாரி. சொன்ன விலையில் பாதியைக் கேட்டதும், ஒரு மறுபேச்சும் பேசாமல் சிரித்துக்கொண்டே தோட்டைக் கடதாசியில் சுற்றித் தந்தவன். அந்தச் சிரிப்பின் கருத்து இப்போதுதான் விளங்கியது.

"அதெப்பிடி... அது அதுதானெண்டு உனக்கு..." என்று தட்டுத்தடுமாறினார்.

"ஓமண்ணை" என்றார் முருகேசு, உதவி செய்கிற எண்ணத்தில். "எது ஓவசியற்றை, எது என்ரை எண்டு கடவுளுக்கும் தெரியாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"கடவுளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்றாள் குணலட்சுமி. "மூத்தவன் பிறந்த துடக்குக் கழிய முதலே ஒரு சோடி மங்கிப் போச்சு, துடைச்சாத்தான் மினுங்கும். மனிசன் ஆசையா வாங்கித் தந்தது எண்டு நானும் பேசாமல் இருந்தன். இண்டைக்கு அவரே வாய் திறந்து சொல்லிப்போட்டார்."

குந்தியிருந்து, அப்பாவின் தோட்டைப் பென்சிலில் மாட்டி, ஒரே ஒரு இழுவை இழுத்தாள். 'சர்ர்' என்றது கண்ணாடி. முருகேசு அதைத் தூக்கிக் கீழ்ப்பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டினார். அடிமட்டம் வைத்ததுபோல் இரண்டாய்ப் பிரிந்தது.

பொழுதுபடுவதற்குள் யன்னலுக்குக் கண்ணாடி ஏறிவிட்டது. யூரியாச் சாக்கு இறங்கியது. வேலை முடிந்த கையோடு முருகேசு சைக்கிளை எடுத்தார். அன்று அவருக்குச் சுன்னாகத்தில் ஒரு அலுவலும் இருக்கவில்லை. இருந்தாலும் போனார். வழியில் மருதனார்மடச் சந்தையிலும் இறங்கினார்.

அடுத்த கிழமை மாரி பிடித்துக்கொண்டது. யன்னலால் ஒரு துளி உள்ளே வரவில்லை. சங்கக்கடைக்கு வருகிறவர்கள் அரிசி வந்ததா, சீனி வந்ததா என்று கேட்பதை விட்டுவிட்டு, "மனேச்சர், வைரம் வந்திட்டுதோ?" என்று கேட்டார்கள்.

சோமசேகரம் கடைசியாய் ஒரு தடவை முயன்று பார்த்தார்.

"இஞ்சேரப்பா, கொப்பற்றை படத்துக்கு இப்ப கண்ணாடி இல்லை. சும்மா தூசி படியும். அறைக்குள்ளை பத்திரமா வைப்பமே?"

குணலட்சுமி சமையலறையிலிருந்து ஒரு பழந்துணியைக் கொண்டுவந்து அவருடைய மடியில் போட்டாள். காதைத் தொடவில்லை.

அன்று தொடக்கம் ஒவ்வொரு நாளும் காலையில், தேத்தண்ணி கையில் வருவதற்கு முன்னர், சோமசேகரம் கதிரையில் ஏறி நின்று மாமனாரின் முகத்தைத் துடைத்துவிடுகிறார். மீசைப் பக்கம் மட்டும் மெல்லமாய்த் துடைக்கவேண்டும் என்பது குணலட்சுமியின் கட்டளை.