இரண்டு பட்டங்களும் ஒரு கடைவாய்ப் பல்லும்

"எந்தப் பல்லு?" என்று கேட்டார் ஓபல் அம்மாள் போனில்.

டெல்லா ப்ரூயிட் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. பல் பிடுங்கியவளின் குரல் எப்படி இருக்கும் என்று காலை முழுக்கப் பழகி, இரண்டு உருண்டை பஞ்சைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பேசியவள், எந்தப் பல் என்று மட்டும் யோசித்து வைக்கவில்லை.

"கீழ... இழது பக்கம்... கழைசிப் பல்லு," என்றாள்.

"உனக்குமா?" என்று பெருமூச்சு விட்டார் ஓபல் அம்மாள். கல்லூரியின் இயந்திரவியல் துறை அலுவலகத்தை இருபது வருடமாக ஒற்றை ஆளாக ஓட்டுகிறவர் அவர். "சரி, பதிவேட்டுல எழுதிக்கிறேன். பேசாம படு கண்ணு."

டெல்லா பஞ்சைத் துப்பினாள். படுக்கவில்லை. தன் காருக்கு அடியில் நுழைந்துகொண்டாள்.

விஷயம் இதுதான். டாப்சன் மேட்டு ஓட்டத்தளத்தில் சனிக்கிழமை நடக்கவேண்டிய வருடக் கடைசிக் கார் பந்தயத்தை மழை அடித்துக்கொண்டு போய்விட்டது. திங்கள் மாலை ஏழு மணிக்குத் தள்ளிவைத்தார்கள். இந்த வருடப் புள்ளிக் கணக்கில் டெல்லாதான் முதலிடம். கோடி ராம்சரைவிட இரண்டே இரண்டு புள்ளி அதிகம். அவன் இவளுக்கு முன்னால் வந்து முடித்தால் சாம்பியன் பட்டம் அவனுக்கு.

அதே திங்கள், அதே ஏழு மணிக்கு வெப்பவியல் வாய்மொழித் தேர்வு. அதில் தேறாவிட்டால் உதவித்தொகை நின்றுபோகும். உதவித்தொகை இல்லையென்றால் ப்ரூயிட் வீட்டுப் பெண்ணுக்குக் கல்லூரியும் இல்லை. ஆக, கார் ஓட்டினால் ஒரு பட்டம் போகும், தேர்வுக்குப் போனால் இன்னொரு பட்டம் போகும்.

பேராசிரியர் ஃபின்ச்சிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அந்த மனிதரைப் பார்த்திருந்தால் கேட்கமாட்டீர்கள். ஜூலை மாதத்திலும் கழுத்தில் பட்டாம்பூச்சி டை. வருடத்துக்கு ஒருமுறை சிரிப்பார். அப்போது ஒன்றுகூடக் குறையாத பல்வரிசை பளீரென்று தெரியும். அதைப் பார்த்த மாணவர்கள் தேதி குறித்து வைத்துக்கொள்வார்கள். முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதிவிட்டார்: 'கல்யாணம், கார் ரிப்பேர், விளையாட்டு எதுவும் காரணமாகாது. மருத்துவம் மட்டும்.'

அதனால்தான் பல்.

நான் இந்தத் தளத்தின் பார்வையாளர் மேடையில், மேல் படியில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். டெல்லாவைப் போல ஒரு பிள்ளையைப் பார்த்ததில்லை. அந்த நாற்பத்தேழாம் எண் காரை அவளே பற்றவைத்தாள், அவளே இழைத்தாள், இன்ஜினை மூன்று முறை அவளே பிரித்துக் கோத்தாள். விடியற்காலையில் கேரேஜ், எட்டு மணிக்கு வகுப்பு, நகக்கண்ணில் கிரீஸோடு கணக்குப் போடுவாள். கண்ணாடிகூட இறங்காத அந்த இரும்புக் கூண்டுக்குள், கொதிக்கிற சூட்டில், பக்கத்துக் காரோடு உரசிக்கொண்டு அவள் வளைவில் திரும்புவதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கும்.

பத்தே நிமிடத்தில் பேராசிரியரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவளுடைய அண்ணன் ராய்ஸ் அதைச் சத்தமாகப் படித்தான். வாரம் முழுக்க சைலன்சர் கடையில் வேலை பார்க்கிறவன். பந்தயத்தன்று மேடைமேல் நின்று தங்கைக்கு ரேடியோவில் வழி சொல்கிறவன்.

"'பல்வலியின் கொடுமையை நான் அறிவேன். தேர்வைத் தள்ளிவைக்க இயலாது. நாளைக் காலை ஒன்பதுக்குள் மதிப்பெண் பட்டியல் போகவேண்டும். ஆகவே ஏழு நாற்பதுக்கு நானே போனில் அழைக்கிறேன். நீ பேசவேண்டாம். சரி என்றால் உம், தவறு என்றால் ஊஹும். அது போதும்.' அடியே, மனுஷன் தங்கம்டி!"

"ஏழரைக்கெல்லாம் ரேஸ் முடிஞ்சிரும்," என்றாள் டெல்லா. "ஹெல்மெட்டைக் கழட்டிட்டு கார்லயே உட்கார்ந்து உம் கொட்டிடுவேன். எல்லாம் சரியாயிரும்."

எல்லாம் சரியாகவில்லை. திங்கள் மதியம் மறுபடி ஒரு தூறல். தளத்தைக் காயவைத்துப் பச்சைக் கொடி காட்டிப் பந்தயத்தைத் தொடங்க ஏழு முப்பது ஆகும் என்று அறிவித்தார்கள்.

"அண்ணா, என்னடா பண்றது?"

"ஒண்ணும் பயப்படாத. போனை என் ரேடியோ மைக்குல வெச்சுப் பிடிக்கிறேன். அவர் கேட்கிறது உனக்குக் கேட்கும். உன் பதிலை என் காதுக் குமிழைக் கழட்டி போன் வாயில வெச்சிருவேன். இல்லாட்டி விடு, நானே உனக்குப் பதிலா உம் சொல்லிடறேன்."

"நீ உம் சொன்னா நான் ஃபெயில்தான். பல்லுலதான் பொய் சொன்னேன், படிப்புல சொல்லமாட்டேன். என் பரீட்சைக்கு நான்தான் பதில் சொல்லுவேன்."

"சரி தாயே! இன்ஜின் சத்தத்துக்கு என்ன சொல்றது?"

"அதுக்கு நீ ஏதாவது சொல்லித் தொலை."

அந்தப் பதற்றத்தில் இருவரும் ஒன்றை அடியோடு மறந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் யாரும் வெறுங்காதோடு பந்தயம் பார்ப்பதில்லை. வாசலில் ஒரு ரேடியோவை வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டால், எந்த ஓட்டுநர் எந்த அண்ணனைத் திட்டுகிறார் என்பது வரை கேட்கலாம். அன்றைக்கு இரண்டாயிரம் பேர் வந்திருந்தார்கள். அதில் பாதிப் பேர் காதில் நாற்பத்தேழாம் எண்.

இருபத்தெட்டாவது சுற்றில் போன் அடித்தது.

"மிஸ் ப்ரூயிட், வலி எப்படி இருக்கு?" என்றது ஃபின்ச்சின் குரல். "கொஞ்சம் இரைச்சலா இருக்கும், மன்னிக்கணும். பக்கத்து வீட்டுல புல்லு வெட்டறாங்க."

"இங்கயும் கொஞ்சம் சத்தம்தாங்க," என்று ராய்ஸ் முந்திக்கொண்டான். "நான் அண்ணன். பல் டாக்டர் இன்னும் துளைச்சுட்டு இருக்கார்."

"நல்ல டிரில். எட்டு சிலிண்டர் மாதிரி கேட்குது. சரி, முதல் கேள்வி. குளிர்ப்பெட்டியில வெப்பம் எங்கிருந்து எங்க போகுது? அடடா, நீ பேசமுடியாதில்ல, கேள்வியை மாத்திக் கேட்கிறேன்..."

அந்த நேரம் பார்த்து கோடி ராம்சர் டெல்லாவின் இடது பக்கம் மூக்கை நுழைத்தான்.

"உள்ள! உள்ள! உள்ளயே இருக்கான்!" என்று அலறினான் ராய்ஸ். "இப்ப வெளிய போ! வெளிய!"

"உள்ளேயிருந்து வெளியே," என்றார் ஃபின்ச். "உங்க அண்ணனுக்குக்கூடத் தெரியுதே. ஆனா அவருக்கு மார்க் கிடையாது."

என் படியில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கையிலிருந்த ஹாட் டாக்கைக் கடிக்க மறந்துபோனார்கள். "என்னய்யா நடக்குது?" என்றார் ஒருவர். "பரீட்சைடா, பேசாம கேளு!" என்று அதட்டினார் இன்னொருவர்.

"மூடிய பாத்திரத்துல காற்று சூடானா அழுத்தம் கூடும். சரியா?"

"உம்!"

"வெப்பம் தானாவே குளிர்ந்த பொருள்லேர்ந்து சூடான பொருளுக்குப் போகும்."

"ஊஹும்!"

ஒவ்வொரு பதிலுக்கும் மேடையில் கைத்தட்டல். ஐந்தாவது கேள்வியின்போது கோடி அவள் காரின் பின்பக்கத்தில் ஓர் இடி இடித்தான். வால் வழுக்கிக்கொண்டு போனது. டெல்லா எப்படியோ மடக்கிப் பிடித்துவிட்டாள். வாயை மட்டும் பிடிக்க முடியவில்லை.

"டேய் கட்டையில போறவனே! நில்லுடா, உன் பம்பரைப் பேத்து உன் கையில குடுக்கறேன்!"

ராய்ஸ் அவசரமாகப் போனைத் தன் வாயருகே இழுத்தான்.

"மயக்க மருந்துங்க," என்றான் ராய்ஸ். "உளறுறா."

"ரொம்பத் தெளிவா உளறுறாளே. போகட்டும்."

அந்த இடிக்குப் பிறகு டெல்லாவின் கார் சொன்னபடி கேட்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் வால் வெளியே ஓடியது. கோடி முன்னால் போய்விட்டான். பதினைந்து சுற்றுதான் பாக்கி. "போச்சு அண்ணா," என்று ரேடியோவில் மெதுவாக ஒரு குரல் கேட்டது. இரண்டு வருடத்தில் அந்தப் பெண் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"கடைசிக் கேள்வி," என்றார் ஃபின்ச். "ஒரு வாகனம் இடது பக்கமாவே சுத்திட்டு இருக்குன்னு வெச்சுக்கோ. வலது பின் டயர்தான் அதிகம் சூடாகும். சரியா?"

"...உம்."

"வளைவு முடியறதுக்கு முன்னாடியே ஆக்ஸிலேட்டரை மிதிச்சா, உராய்வுல அந்தச் சூடு இன்னும் ஏறும். சரியா?"

"உம்."

"அப்ப கொஞ்சம் பொறுத்து மிதிச்சா அந்த டயர் ஆறி, மறுபடி தரையைப் பிடிக்க வாய்ப்பு உண்டு. சரியா?"

இந்த முறை பதில் வர இரண்டு நொடி ஆனது. வந்த 'உம்' வேறு மாதிரி இருந்தது.

அடுத்த நான்கு சுற்று அவள் பொறுத்தாள். கோடி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனான். மேடையில் எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ஐந்தாவது சுற்றில் வால் ஆடுவது நின்றது. பிறகு அவள் ஓட்டியதை என்னவென்று சொல்ல! பேராசிரியர் போனில் சொன்னதை நானும் கேட்டேன், என்னோடு ஆயிரம் பேர் கேட்டார்கள். ஆனால் நூறு மைல் வேகத்தில், தோற்றுக்கொண்டிருக்கும்போது, மிதிக்காமல் பொறுத்திருக்க எத்தனை பேரால் முடியும்? கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் கோடியின் டயர் வழுக்க, அவள் அவனுக்கு உள்பக்கமாகச் சத்தமில்லாமல் நுழைந்து, அரைக் கார் நீளத்தில் கோட்டைத் தாண்டினாள். நான் அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம்?

அவள் காரைவிட்டு இறங்கியதும் கூட்டம் ஒரே குரலில் கேட்டது: "பாஸா? பாஸா?"

டெல்லாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கோப்பை கையில் இருந்தது, முகத்தில் ரத்தம் இல்லை.

"அண்ணா, ஊருக்கே கேட்டிருக்குடா!"

"கேட்டா என்ன? அந்த டைக்காரர் காதுக்கு எப்படிப் போகும்? அவருக்கும் நம்ம தளத்துக்கும் என்ன சம்பந்தம்?"

அவள் சமாதானம் ஆகவில்லை. மறுநாள் காலை ஒன்பதுக்கு அறிவிப்புப் பலகையில் 'ப்ரூயிட், 91, தேர்ச்சி' என்று பார்த்த பிறகும் ஆகவில்லை. நேராக ஓபல் அம்மாளின் மேசைக்குப் போனாள்.

"நான் பொய் சொல்லிட்டேங்க. பல்லு பிடுங்கவே இல்ல. நேத்து ரேஸ் ஓட்டினேன். பேராசிரியர்கிட்ட நானே சொல்லிடறேன். என்ன தண்டனை குடுத்தாலும் சரி."

அதற்குள் கதவைத் திறந்துகொண்டு ஃபின்ச்சே வந்துவிட்டார். பட்டாம்பூச்சி டை, கையில் காபி.

"வலி எப்படி இருக்கு, மிஸ் ப்ரூயிட்?" என்றார். தொண்டை கட்டிக் குரல் கரகரவென்று வந்தது. பிறகு அந்த வருடத்துச் சிரிப்பை அங்கேயே சிரித்தார். ஒன்றுகூடக் குறையாத பல்வரிசை. பதிலுக்குக் காத்திராமல் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஓபல் அம்மாள் விடுப்புப் பதிவேட்டைத் திருப்பி, நேற்றைய தேதியில் அவள் பெயருக்கு மேலே இருந்த வரியில் விரலை வைத்தார்.

"மழையில ரேஸ் தள்ளிப்போற ஒவ்வொரு திங்கக்கிழமையும் அவரும் பல்லு பிடுங்கத்தான் லீவு போடுவாரும்மா, பரீட்சை இருந்தா எல்லாருக்கும் போன்லயே முடிச்சிடுவாரு. நேத்தோட முப்பத்தஞ்சு பல்லு ஆச்சு."