யோசனைக்குப் பதில் ஆள்

குடாநாட்டுக்கு வரும் இரத்த அழுத்தத்துக்கான பிறஷர் குளிசையில் பாதி யோசனையருக்காகவே வருகிறது. மீதிப் பாதி, அவருக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு.

அரியாலையில் என் பக்கத்து வீட்டுக்காரர்; எதற்கும் யோசிப்பதால் ஊர் வைத்த பெயர் அது. வாழை குலை போட்டால் மரம் முறியுமே என்று யோசிப்பார். போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று யோசிப்பார். பஸ்ஸில் சாரதிக்குப் பின்னால் இருந்து, அவர் கண்ணயர்கிறாரா என்று கண்ணாடியில் பார்த்தபடியே போவார். ஒருநாள் சாரதி பஸ்ஸை நிறுத்தினார்.

"ஐயா, ஒண்டில் நீங்கள் இறங்குங்கோ. இல்லாட்டி நான் இறங்கிறன்."

ஒரே மகன் பிரான்சுக்கென்று ஏஜென்சிக்காரனோடு புறப்பட்டு, காட்டு வழியாக எல்லை கடக்கும் இடத்தில் தொடர்பு அறுந்தது. யோசனையருக்கு முதன்முறையாக உண்மையான காரணம் கிடைத்தது. நித்திரை போனது. இரத்தத்தில் சீனி ஏறியது. வயிறு மட்டும் பருத்தது. காலில் கல் வெட்டிய சின்னப் புண் மாதக்கணக்கில் ஆறவில்லை.

வைத்தியர் விளக்கினாராம்: பயந்தால் உடம்பில் ஒரு சுரப்பு ஊறும், ஓடித் தப்ப அது வேண்டும். ஓடி முடிந்தும் அது வடியாவிட்டால், சீனியை ஏற்றும், புண்ணை ஆறவிடாது.

"இப்பிடியே போனால் காலை எடுக்க வேண்டி வரும். ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

எங்களூரில் நினைப்பதற்கும் கவலைப்படுவதற்கும் அந்த ஒரு சொல்தான். யோசனையர் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அண்ணை, நீங்கள் அரசாங்கக் கச்சேரியிலை நிர்வாகம் பாத்தனீங்கள். யோசிக்காமல் விடுறதுக்கு என்ன நடைமுறை?"

"லீவிலை போறவர் பதில் கடமைக்கு ஆள் விடவேணும். ஆள் இல்லாட்டி லீவும் இல்லை" என்றேன், பகிடிக்கு.

"அப்ப நீங்கள் யோசியுங்கோ. பிள்ளையை உங்களிட்டை விட்டிட்டன்."

அன்று மத்தியானமே அவர் வீட்டில் குறட்டை கேட்டது. தினமும் வேலிக்கு மேலால் எட்டி, "யோசிச்சனீங்களோ?" என்பார். "ஓம்" என்பேன். பொய்யில்லை, அரச சேவையில்கூட நான் இவ்வளவு ஒழுங்காகக் கடமை பார்த்ததில்லை. அவர் புண் காயத் தொடங்கியது. எனக்குப் பிறஷர் தொடங்கியது.

பிறகு பாரிஸிலிருந்து என் மருமகன் தொலைபேசியில் சொன்னான். யோசனையரின் மகனோடு கூடப் போனவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். காய்ச்சலில் நடக்கமுடியாமல் விழுந்த பெடியனைக் காட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்களாம். அவன் உயிரோடு இருப்பான் என்று ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாள் வேலிக்கு வந்த யோசனையர் என் முகத்தையே பார்த்தார்.

"அண்ணை, நல்லா வாடிப்போனீங்கள். உங்கடை வயசுக்கு உது ஆகாது. பிள்ளையின்ரை யோசனையைத் திருப்பித் தாங்கோ."

அவர் காலைப் பார்த்தேன். புண்ணின் ஓரம் இன்னும் ஈரமாக இருந்தது.

"முழுக்கக் காயட்டும்" என்றேன். "அதுவரைக்கும் என்னட்டை இருக்கட்டும்."