பேத்தமங்களா ரோட்டில் விழுங்கிய மாத்திரைகள்

ஒருவர் எவ்வளவு பயந்தவர் என்று தெரிந்துகொள்ள அவர் முகத்தைப் பார்க்க வேண்டாம். கையில் இருக்கும் மூட்டையைப் பார்த்தால் போதும். ஒரு பாட்டில் தண்ணீரோடு வெளியூர் கிளம்புகிறவர் தைரியசாலி. அதே பயணத்துக்குப் புளிசாதம், மோர், பிஸ்கட், முறுக்கு, அந்த முறுக்கு நமுத்துப் போனால் இருக்கட்டும் என்று இன்னொரு பொட்டலம் முறுக்கு எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர் என் ஜாதி.

இப்பேர்ப்பட்ட நான், நாற்பதை நெருங்கும் வயதில், நீண்ட தூர டிரையத்லான் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். விடியற்காலையில் ஏரியில் நீந்தி, ஈரத்தோடு சைக்கிள் ஏறி அரை நாள் மிதித்து, பிறகு இறங்கி ஓட வேண்டும். (யாரும் துரத்தாமலேயே.) கோலார் தங்க வயலிலிருந்து தினமும் ரயிலில் நின்றுகொண்டே பெங்களூர் ஆபீசுக்குப் போய் வருகிறவளுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா என்று ஆபீஸ் தோழி ஒருத்தி ஏற்றிவிட்டாள். நானும் ஏறிவிட்டேன்.

நீச்சலுக்கு நான் பயப்படவில்லை. ஓட்டத்துக்கும் இல்லை. என் பயமெல்லாம் சைக்கிள் மேல் இருக்கும்போது சாப்பாடு தீர்ந்துவிடுமோ என்பதுதான். வேளாவேளைக்குச் சாப்பிடாமல் மிதித்தால் உடம்பு சுவிட்சை அணைத்த மாதிரி நின்றுவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். அதில் ஒரு திடகாத்திரமான ஆள் சாலை ஓரத்தில் உட்கார்ந்து தன் செருப்பையே அடையாளம் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

விளைவு, என் சைக்கிள். ஹேண்டில்பாருக்கு நடுவே உறிஞ்சு குழாய் வைத்த பாட்டில் ஒன்று. சட்டத்தில் இரண்டு. சீட்டுக்குப் பின்னால் இரண்டு, குழியில் இறங்கும்போதெல்லாம் அவை பீரங்கிக் குண்டு மாதிரி பின்னால் பாயும். முன்பக்கத்துச் சின்னப் பையில் பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், வாழைப்பழம். சட்டத்தின் மேல் வரிசையாக டேப் போட்டு ஒட்டிய ஜெல் பாக்கெட்டுகள், அதாவது பாகு மாதிரி பிதுக்கிச் சாப்பிடுவது. என் வீட்டுக்காரர் செல்வம் முதல் தடவை பார்த்துவிட்டு, "இன்னாடி இது, சைக்கிளா பொட்டிக்கடையா? பீடி மட்டும்தான் இல்ல" என்றார்.

செல்வம் ராபர்ட்சன்பேட்டையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். அந்தக் காலத்துப் பிலிம் ரோல் வரும் கறுப்பு டப்பாக்கள் எங்கள் வீட்டில் மூட்டைக்கணக்கில் உண்டு. கடுகு, ஊசி, பட்டன், எல்லாம் அதில்தான். வியர்வையில் போகும் உப்பை ஈடுகட்ட நான் போட்டுக்கொள்ளும் உப்பு மாத்திரைகளும் அதில்தான். மாமனாரின் சர்க்கரை மாத்திரைகளும் அதில்தான். இரண்டு டப்பாவும் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். இதை எழுதும்போதே எழுந்துபோய் இரண்டையும் தள்ளித் தள்ளி வைக்கத் தோன்றுகிறது. அப்போது ஏனோ தோன்றவில்லை.

மாமா கனரக இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரையும் உண்டு, பிரஷரும் உண்டு. இட்லி சாப்பிட்ட கையோடு என் எதிரில் நின்று டப்பாவைத் திறந்து, ஒரு மாத்திரையை வாயில் போட்டு, தலையை அண்ணாந்து தண்ணீர் குடிப்பார். எந்த நாளும் தவறியதில்லை. "எங்க மாமா மாதிரி பேஷண்ட் கிடைக்காது" என்று பக்கத்து வீட்டில் பெருமையடித்துக்கொண்டவள் நான்.

போட்டிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, முழுத் தூரத்துக்கும் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிளம்பினேன். இருட்டில் டப்பாவை எடுத்துச் சட்டையின் முதுகுப்பக்கப் பையில் போட்டுக்கொண்டேன். தங்க வயல் பாலகாட்டிலிருந்து, சுரங்கக் கழிவு மலையாகக் குவிந்த சயனைட் மேடுகளைச் சுற்றி, பேத்தமங்களா வழியாக ஆந்திர எல்லைப் பக்கம் போய்த் திரும்புவது திட்டம்.

உப்பு மாத்திரை போடுவதில் எனக்கு ஒரு வித்தை தெரியும். வண்டியை நிறுத்தாமல், பார்வையைச் சாலையிலிருந்து எடுக்காமல், கட்டைவிரலால் மூடியைத் தள்ளி, டப்பாவை அப்படியே வாயில் தட்டி, ஒரு மாத்திரை விழுந்ததும் மூடிவிடுவேன். கண்ணாடி முன் நின்று பழகியது. அன்றும் மணிக்கொரு தரம் தட்டினேன். பாட்டிலில் இருந்த ஆரஞ்சுத் தண்ணீரை நானே பயத்தில் இரண்டு மடங்கு கெட்டியாகக் கரைத்திருந்ததால் வேறெந்த ருசியும் நாக்குக்கு எட்டவில்லை. விழுங்கியதும் நெஞ்சுக்குள் மட்டும் ஜில்லென்று இருந்தது. பேத்தமங்களா ஏரிக்காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

பேத்தமங்களாவைத் தாண்டி வெகுதூரம் போய், இருபுறமும் தக்காளித் தோட்டமாக இருந்த ஒரு இறக்கத்தில், நாலாவது தடவை டப்பாவைத் தட்டப் போன நேரம் பார்த்து ஒரு குழி வந்தது. மாத்திரைகள் வாய்க்குப் பதிலாகக் கையில் கொட்டின.

பார்த்தேன். என் உப்பு மாத்திரை நீலமும் வெள்ளையுமாக நீட்டு மாத்திரை. கையில் இருந்தது சின்னதாக, வட்டமாக, வெள்ளையாக இருந்தது.

மாமாவின் சர்க்கரை மாத்திரை.

எப்படி இறங்கினேன், சைக்கிளை எங்கே சாய்த்தேன் என்று நினைவில்லை. சர்க்கரையே இல்லாத ஒருத்தி மூன்று சர்க்கரை மாத்திரை விழுங்கிவிட்டு மூன்று மணி நேரம் மிதித்திருக்கிறாள். இனி சர்க்கரை இறங்கும். மயக்கம் வரும். வீடியோவில் பார்த்த அந்த ஆள் மாதிரி என் செருப்பை நானே யாரென்று கேட்பேன். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு ஆள் கிடையாது. தக்காளிச் செடிகள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன.

நெஞ்சைக் கவனித்தேன். ஜில்லென்று இருந்தது. ஏரிக்காற்று எப்போதோ நின்றுவிட்டது, வெயில் சுட்டது, ஆனாலும் உள்ளே ஜில்லென்று இருந்தது. ஆக, ஆரம்பித்துவிட்டது.

அந்த நொடியில்தான் இரண்டாவது பயம் வந்தது. முதல் பயம் அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. என்னிடம் இருப்பது மாமாவின் டப்பா என்றால் வீட்டில் இருப்பது என் டப்பா. அதில் இருப்பது சுத்தமான உப்பு. பிரஷர்காரரான மாமா, எந்த நாளும் தவறாத மாமா, இந்நேரம் இட்லி சாப்பிட்டு முடித்து அண்ணாந்திருப்பார்.

போனை எடுத்தேன். வியர்வையில் ஊறிப் போயிருந்தது. விரலும் ஈரம், திரையும் ஈரம். மாமாவை அழுத்தினால் கேமரா திறந்தது. அதில் தெரிந்த என் முகத்தைப் பார்த்து இன்னும் பயந்தேன். ஒருவழியாக நம்பரை அழுத்தினால் சிக்னல் இல்லை.

சிக்னல் கிடைக்கும் வரை உயிரோடு இருக்க வேண்டும். அதற்குச் சர்க்கரையை ஏற்ற வேண்டும். பெட்டிக்கடையைத் திறந்தேன். ஜெல் பாக்கெட்டுகளை டேப்போடு பிய்த்து ஒவ்வொன்றாகப் பிதுக்கினேன். பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், வெயிலில் கறுத்த வாழைப்பழம், எல்லாம் போயின. சீட்டுக்குப் பின்னால் இருந்த பாட்டில்களையும் காலி செய்தேன். அரை நாளுக்கான சாப்பாடு அரைப் படம் பார்க்கும் நேரம்கூட ஆகாமல் உள்ளே போனது. அழுதுகொண்டே சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாழைப்பழம் உப்புக் கரித்தது.

பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேடேறினேன். மேட்டில் ஒரு டீக்கடை. பாய்லர் பக்கம் நின்றிருந்த அம்மாள் என்னைப் பார்த்ததும், "ஏமாயிந்தி அம்மா?" என்று தெலுங்கில் பதறினார். "சக்கரை" என்றேன். அந்தச் சொல் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். உயிர் போகும் நேரத்தில் அது பெரிய வசதி. டீ கேட்கிறேன் என்று நினைத்து அவர் டம்ளரை எடுப்பதற்குள் நான் கடை டப்பாவிலிருந்த சர்க்கரையைக் கையால் அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். அந்த அம்மாள் இரண்டடி பின்வாங்கி, கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

போனில் ஒரு கோடு சிக்னல் தெரிந்தது. மாமா எடுத்தார்.

"மாமா, நான்தான். காலையில அந்தக் கறுப்பு டப்பால இருந்து மாத்திரை போட்டீங்களா?"

அந்தப் பக்கம் தொண்டையைக் கனைக்கும் சத்தம். பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல்.

"யார் சொன்னது உனக்கு?"

"யாரும் சொல்லல மாமா. இப்பதான் கையில கொட்டிப் பாத்தேன்."

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன் மாமா. எல்லாம் என் தப்பு."

"உன் மேல இன்னாம்மா தப்பு? நான்தான் புத்தி கெட்டுப்போயி... செல்வத்துகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல. எத்தினி முழுங்குனீங்க?"

"ஒண்ணுதான். நீ மாத்தி வெச்சிருக்கறதப் பாத்ததும் கை காலு ஓடல. சரி, குடுத்த தண்டனைய ஏத்துக்குவோம்னு முழுங்கிட்டேன்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உப்பு மூளைக்கு ஏறி மாமா பிதற்றுகிறார் என்றே முடிவு கட்டினேன்.

"நெஞ்சு அடைக்குதா மாமா? தலை சுத்துதா?"

"அதெல்லாம் இல்லம்மா. பயமா கீது."

"எனக்கும்தான் மாமா" என்று நான் ஓவென்று அழ, லைன் அறுந்து போனது.

செல்வத்தைப் பிடித்து, "நானும் மாமாவும் மாத்திரை மாத்திப் போட்டுட்டோம், அவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, நான் பொழைச்சா வரேன்" என்றேன். டீக்கடை அம்மாளே ரோட்டில் இறங்கிக் கரண்டியைக் காட்டி ஒரு தக்காளி வண்டியை நிறுத்தினார். தக்காளிப் பெட்டிகளுக்கு மேல் சைக்கிள், டிரைவர் பக்கத்தில் நான். வழியெல்லாம் டிரைவர் என் வாயையும் தன் டேஷ்போர்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் பயந்தது வீண் போகவில்லை. நல்லவேளை, ஜன்னல் திறந்திருந்தது.

ஆஸ்பத்திரி பெஞ்சில் மாமா சலவைச் சட்டையோடு, தலைகுனிந்து, தீர்ப்புக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிருங்க மாமா" என்றேன். அதே நேரம் அவரும் "மன்னிச்சிரும்மா" என்றார். இடையில் நின்ற செல்வம், "ரெண்டு பேரும் மொதல்ல யார் இன்னா பண்ணீங்கன்னு சொல்லுங்க" என்று கத்தினார்.

நர்ஸ் இருவர் விரலிலும் குத்தினார். என் அளவைப் பார்த்துவிட்டு, "கொறஞ்சிருக்குன்னா வந்தீங்க? ஒரு ஸ்வீட் கடையே உள்ள கீது" என்றார். மாமாவின் அளவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் பெண்மணி, முகத்தில் சிரிப்பே இல்லை.

"தினமும் மாத்திரை போடறவருக்கு எப்படிங்க இவ்வளவு வரும்?"

"தினமும் போடறாரு டாக்டர். என் கண் முன்னாடிதான். இதோ" என்று டப்பாவை நீட்டினேன்.

அவர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனார்.

"இது பெப்பர்மின்ட்" என்றார்.

நெஞ்சுக்குள் இருந்த ஜில் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். அவர் சுவரில் இருந்த கண் பரிசோதனை அட்டையைப் பார்த்தார்.

"அந்த மாத்திரை போட்டா வாயெல்லாம் கசக்குதும்மா. வயிறும் ஒரு மாதிரி பண்ணுது" என்றார் கடைசியில். "வாக்கிங் வர்ற சிநேகிதரு, ஏதோ எல மென்னா போதும், மாத்திரை வாணாம்னாரு. உன் எதிர்ல ஒண்ணு போடணும் இல்ல? அதான். காலையில டப்பால உப்பு மாத்திரையப் பாத்ததும், நீ கண்டுபுடிச்சு வேணும்னே மாத்தி வெச்சிட்டன்னு நெனச்சேன்."

"சர்க்கரை வியாதிக்கு மிட்டாயாப்பா?" என்றார் செல்வம்.

"சின்னதுதானே."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு மாமா எதிரில் உட்கார்ந்தார். இன்னும் சில மாதம் இப்படியே போயிருந்தால் முதலில் கண், பிறகு சிறுநீரகம் என்று மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். மாமா கண் அட்டையிலிருந்து பார்வையை எடுத்து டாக்டரைப் பார்த்தார். என் உப்பு மாத்திரை ஒன்று அவரை ஒன்றும் செய்யவில்லை. என் இரண்டு பயமும் பொய். நான் பயப்படாமல் விட்ட மூன்றாவதுதான் நிஜம். அவர் என் எதிரிலேயே நோயை வளர்த்திருக்கிறார். நானும் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இப்போது மாமாவின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வாக்கிங் சிநேகிதரையும் இழுத்துக்கொண்டு போய் அதே டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தார்.

ஆனால் எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு யாரும் யாரையும் ஒழுங்காக ஒரு கேள்வி கேட்க முடிவதில்லை. "பால் வாங்கியாச்சா?" என்று கேட்டால், "யார் சொன்னது உனக்கு?" என்பார் செல்வம், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரலில். கரண்ட் பில் கட்டினீங்களா? யார் சொன்னது உனக்கு? சொந்தக்காரர்களுக்கும் பரவிவிட்டது. ஒரு கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் மாமாவிடம் "ஜாங்கிரி வெச்சாங்களா?" என்று கேட்க, அந்த வரிசையே சேர்ந்து பதில் சொன்னது.

போட்டி நாள் வந்தது. ஏரிக்கரையில், இன்னும் வெளுக்காத வானத்துக்குக் கீழே, பல்லெல்லாம் கிடுகிடுக்க நின்றிருந்தேன். போனை செல்வத்திடம் கொடுக்கப் போகும்போது வீட்டிலிருந்து மாமா கூப்பிட்டார்.

"சாப்ட்டியாம்மா?"

நான் யோசிக்கவே இல்லை. "யார் சொன்னது உங்களுக்கு?" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் மாமா இருமல் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்து, குரலைத் தாழ்த்தி, "நான் போட்டுட்டேம்மா. நெஜமாவே" என்றார்.

விசில் ஊதியது. நான் தண்ணீரில் இறங்கினேன்.