ஒரே தாளத்தில் பத்துப் பேர்

கொக்குவிலில் வாழும் என் பெருமதிப்புக்குரிய கல்யாணசுந்தரம் அத்தானுக்கு, லண்டன் பிளேஸ்டோவிலிருந்து இராஜேந்திரன் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். உங்கள் முழங்கால் நோ குறைந்திருக்கும் என நம்புகிறேன். ஃபோனில் சொன்னால் நீங்கள் எனக்குக் கட்டித்தந்த உங்கள் தங்கச்சியார் குசினி அடுப்படியில் நின்றே கேட்டுவிடுவார். ஆகையால் இந்தக் கடிதம்.

எங்கள் கம்சிகா கட்டப்போகும் பெடியனின் தகப்பன் மிஸ்டர் எவர்ட்டன், டொட்டன்ஹாமில் இருக்கும் ஜமேக்காக்காரர், நல்ல மனிதர். போன மாதம் வீட்டுக்கு வந்தபோது தானே தயாரித்த, அவர்கள் ஊர் ரெகே பாட்டு சிடி ஒன்று தந்தார். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போகும்போது அதைக் காரில் போட்டேன். முதல் பாட்டு நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவதும் அதே பாட்டு. பட்டனை அமத்தினேன், மூன்றாவதும் அதே டும் டும். ஒருவர் அழுகிறார், ஒருவர் ஏசுகிறார், ஒருவர் சாமி கும்பிடுகிறார், பின்னால் அடிக்கிற அடி மட்டும் மாறவேயில்லை. "உந்தப் பட்டனை விடுங்கோப்பா, ஒரு பாட்டாவது முடியட்டும்" என்றார் தங்கச்சியார். கோயில் வந்துவிட்டது, பாட்டு முடியவில்லை. சம்பந்தியாகப் போகிறவர் ஏமாறக்கூடாதே என்ற நல்ல எண்ணத்தில் அவருக்கு ஃபோன் எடுத்து, "உங்கள் சிடியில் ஒரே பாட்டைப் பத்துத் தரம் அடித்துவிட்டார்கள், ஃபக்டரிக்காரனைச் சும்மா விடாதீர்கள்" என்றேன். அவர் "தாங்க் யூ" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அன்று பின்னேரம் கம்சிகா வேலையால் வந்து குதித்தாள். "அப்பா, ஒரு ரிதம், பத்துப் பாட்டுக்காரர், அதுதான் அந்த ஆல்பமே! அங்கிள்தான் அந்த ரிதத்தை வாசிச்சவர். நீங்கள் போய் ஸொறி சொல்லேல்லையெண்டா நான் எந்த முகத்தோட அந்த வீட்டுக்கு மருமகளாப் போறது?"

வடை சுட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். அலுமாரி உயரத்தில் ஸ்பீக்கர்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் எழும்பிப் போய், குரல் இல்லாத வெறும் தாளத்தைப் போட்டார். தேத்தண்ணிக் கோப்பை ஆடியது, என் நெஞ்சும் ஆடியது. நன்றாயிருக்கிறது என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். "தாளம் கொஞ்சம் இழுபடுகிறது, கெதியாக அடித்தால் இன்னும் நன்றாயிருக்கும்" என்றும் சொல்லிவிட்டேன்.

தங்கச்சியார் எழும்பினார். "உங்களுக்கு வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்க ஏலாதோ? ஈஸ்ட் ஹாம் நகைக்கடையிலயும் உப்பிடித்தான்! என்ரை தம்பியின்ரை கலியாணத்திலயும் உப்பிடித்தான்!"

அத்தான், ஒவ்வொரு "உப்பிடித்தானும்" தாளத்தில் அச்சொட்டாய் விழுந்தது. மிஸ்டர் எவர்ட்டன் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். பிறகு மெல்ல ரெக்கோர்டிங் பட்டனை அமத்தினார். அதைக் கண்டும் தங்கச்சியார் நிறுத்தவில்லை. முடிந்ததும், "மேடம், அதே கோபத்தோடு இன்னொருமுறை" என்று அவர் கைகூப்பினார். இவர் முந்தானையைச் செருகிக்கொண்டு திரும்பத் தொடங்கினார். என் முகத்தைப் பார்த்தால்தான் கோபம் வருமாம், ஆகவே என்னை முன்னால் நிறுத்தினார்கள். முதல்முறை விட்டுப்போன குற்றங்களும் இரண்டாம் முறை வந்து சேர்ந்தன.

கலியாணத்துக்கு இனி ஒரு குறையுமில்லை, மனிதர் பூரித்துப்போனார். ஆனால் அவருடைய அடுத்த சிடியில் என் மானம் முழுக்க வரப்போகிறது. நீங்கள் தமையன், உங்கள் சொல்லைத்தான் தங்கச்சியார் கேட்பார். உடனே அவரை அழைத்து, இந்தப் பாட்டு வெளியே வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் அம்மன் துணையிருக்கட்டும்.

உங்களையே மலைபோல் நம்பியிருக்கும்,
இராஜேந்திரன்

பி.கு: உறையை ஒட்டமுன் மிஸ்டர் எவர்ட்டன் அழைத்தார். ரெகேயில் ஒரு பாட்டுக்கு மறுமொழிப் பாட்டு விடுவது வழக்கமாம். புருஷன் அதே தாளத்தில் பதில் சொல்லவேண்டுமாம். அடுத்த மாதம் பாடுவதாக ஒப்புக்கொண்டேன். ஆகவே தங்கச்சியாரிடம் ஒன்றும் கதைக்கவேண்டாம். சின்ன வயதில் அவர் செய்த குழப்படிகள் நினைவிருந்தால் மட்டும் உடனே அனுப்புங்கோ. என்னிடம் இரண்டு வரிக்குத்தான் விஷயம் இருக்கிறது.