லினக்ஸுக்குச் சந்தனக்காப்பு

எங்கள் குடும்பத்தில் கல்யாணமோ காதுகுத்தோ எது நடந்தாலும், சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை போடும் நேரத்தில் அக்கா வீட்டுக்காரர் ஒரு கதை சொல்வார். "எங்க அத்தை லினக்ஸுக்கே சந்தனக்காப்பு சாத்தினவங்க" என்று ஆரம்பிப்பார். லினக்ஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்களும் சிரிப்பார்கள். (மாமாவுக்கே தெரியாது.) எல்லாரையும்விட உரக்கச் சிரிக்கிறவன் நான். அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது. அந்தப் பொய்யைச் சொன்னவனும் நான்தான்.

தொண்ணூறுகளின் பின்பாதி. மந்தைவெளியில் ஒரு ஒண்டுக்குடித்தனத்தின் முன்பகுதியில் நானும் அம்மாவும் இருந்தோம். எனக்கு இருபத்து மூன்று வயது. பி.எஸ்ஸி. கணக்கு முடித்திருந்தேன். வேலை இல்லை, ஆனால் தலைக்கனத்துக்குக் குறைவில்லை. கூடத்து மூலையில் ஒரு பழைய 386 கம்ப்யூட்டர் இருந்தது. கிண்டியில் மாமா வேலை பார்த்த கம்பெனி வேண்டாம் என்று ஒதுக்கியது. அதை மாமா வீட்டுக்குக் கொண்டுவந்தது எனக்காக அல்ல, அப்பாவுக்காக.

அப்பா அரசாங்க ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்டையில் ஆபரேஷன் ஆகி, குரல் முழுவதுமாகப் போய்விட்டது. எழுதிக் காட்டலாம் என்றால் அவர் கையெழுத்து அவருக்கே புரியாது. வாழ்நாள் பூராவும் டைப் அடித்தவர் அல்லவா? கம்ப்யூட்டர் வந்ததும் ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்க ஆரம்பித்தார். குரல் இருந்தபோது நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். குரல் போன பிறகு மனிதர் வாயாடி ஆகிவிட்டார். 'ரசத்தில் உப்பு இல்லை. நான் சொல்லவில்லை, ரசம் சொல்கிறது.' 'பக்கத்து வீட்டுக்காரர் வந்தால் நான் தூங்குகிறேன் என்று சொல்.' 'கமலா, இன்றைக்கு உன் புடவை நன்றாயிருக்கிறது.' அந்தக் கடைசி வரியைப் பார்த்த அன்று அம்மா சமையலறையை விட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. முப்பது வருடத்தில் அவர் வாயால் சொல்லாத வார்த்தை அது.

ஒன்றரை வருடம் அப்படிப் பேசினார். பிறகு போய்விட்டார். அவர் அடித்ததெல்லாம் ஒரே ஃபைலில் இருந்தது. சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு அம்மா கம்ப்யூட்டர் பக்கத்தில் வந்து உட்காருவாள். "அப்பாவத் திறடா" என்பாள். அவளுக்கு ஆங்கில எழுத்து தடுமாறும், நான்தான் வாசிக்க வேண்டும். ரசத்தில் உப்பு இல்லை என்ற வரியைக் கேட்டு ஒவ்வொரு தடவையும் சிரிப்பாள்.

இந்த நிலையில் தி. நகரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி இன்டர்வியூவில் "யூனிக்ஸ் தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். (தெரியாது.) இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். யூனிக்ஸ் என்பது டாஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள், லினக்ஸும் அதே மாதிரிதான், இலவசம் வேறு என்று யாரோ சொல்லவே, 386-இல் அதை ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"அதெல்லாம் செய். முதல்ல அப்பாவ பத்திரமா எடுத்து வை" என்றாள் அம்மா. எடுத்து வைத்தேன். ஒரு புது ஃப்ளாப்பியில் ஃபைலைக் காப்பி செய்து, அதன்மேல் 'அப்பா' என்று எழுதினேன். இந்த வரைக்கும் நான் நல்ல பிள்ளை.

எங்கள் கம்ப்யூட்டரில் சிடி போட வழியில்லை. என் சிநேகிதன் ரஃபீக் திருவல்லிக்கேணியில் ஒரு டிடிபி சென்டரில் வேலை பார்த்தான். பத்திரிகையோடு வந்த லினக்ஸ் சிடியை அங்கே போட்டு, இருபது ஃப்ளாப்பிகளில் பிரித்து எடுக்க வேண்டும். எண்ணி இருபது வைத்திருந்தேன். அவற்றோடு அதே பையில் 'அப்பா'வும் இருந்தது. கடைசி ஃப்ளாப்பியில் மெஷின் கரகரவென்று அரைத்துவிட்டு நின்றது.

"இது பூட்ச்சு மச்சி. வேற ஒண்ணு கீதா?"

கடைக்குப் போய் வாங்கி வந்திருக்கலாம். அடுத்த தெருவில் கடை. சோம்பேறித்தனம்தான், வேறு காரணம் ஒன்றும் கிடையாது. பையிலிருந்து 'அப்பா'வை எடுத்துக் கொடுத்தேன்.

ரஃபீக் மேலே எழுதியிருந்ததைப் பார்த்தான். "இன்னாடா, அப்பான்னு போட்டுகீது?"

"காப்பிதான்டா. ஒரிஜினல் வீட்ல இருக்கு. இன்னிக்கு வேலை முடிஞ்சதும் திரும்ப எடுத்துப்பேன்."

அவன் போட்டான். ஒரு நிமிடத்தில் அப்பா இருந்த இடத்தில் லினக்ஸ் இருந்தது.

மறுநாள் சரஸ்வதி பூஜை என்பதால், அன்று மத்தியானமே முடித்துவிட வேண்டும் என்று அவசரமாக உட்கார்ந்தேன். ஹார்டு டிஸ்க்கை இரண்டு பாகமாகப் பிரித்தேன். முதல் பாகத்தில் பழைய டாஸ், அதனோடு அப்பா. இரண்டாவது பாகத்தில் லினக்ஸ். எந்தப் பாகத்தைச் சுத்தமாக அழித்துத் தயார் செய்யட்டும் என்று கேட்டது. இரண்டு என்று அடிக்க வேண்டும். ஒன்று என்று அடித்தேன். பட்டப்படிப்பில் கணக்கு எடுத்தவன், எல்.கே.ஜி. பிள்ளைக்குத் தெரிந்த எண்ணில் கோட்டை விட்டேன். அது அழித்துக்கொண்டே போகும்போது திரையில் எண்கள் மளமளவென்று ஓடின. அந்த அழகை நான் காப்பி குடித்தபடி ரசித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு ஒவ்வொரு ஃப்ளாப்பியாக மாற்றி மாற்றிப் போட்டு மூன்று மணி நேரம் மல்லுக்கட்டினேன். கடைசியில் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால், திரையில் எல், ஐ என்று இரண்டு எழுத்து வந்து நின்றுவிட்டது. அதற்குமேல் ஒன்றுமில்லை. பத்துத் தடவை அணைத்துப் போட்டேன். பத்துத் தடவையும் அதே இரண்டு எழுத்து. சரி, பழையபடி டாஸிலேயே போகலாம் என்று அதன் ஃப்ளாப்பியைப் போட்டுப் பார்த்தபோதுதான், ஹார்டு டிஸ்க்கில் டாஸ் என்ற ஒன்றே இல்லை என்று தெரிந்தது. அழித்தது எதை என்று அப்போது புரிந்தது. 'அதனாலென்ன, ஃப்ளாப்பியில் அப்பா இருக்கிறாரே' என்று ஒரு நொடி நிம்மதியாக இருந்தேன். அடுத்த நொடி, அதை ரஃபீக் கையில் எடுத்துக் கொடுத்தது ஞாபகம் வந்தது.

"என்னாடா, ஆச்சா?" என்று அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஆயிட்டிருக்கும்மா."

"போதும், மூடி வை. நாளைக்கு பூஜைல வெக்கணும்."

மறுநாள் காலையில் அம்மா கம்ப்யூட்டருக்கும் கீபோர்டுக்கும் பொட்டு வைத்தாள். ஃப்ளாப்பிகளையும் புத்தகங்களோடு சுவாமி முன்னால் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாள். அதுவும் எங்கே? ஃப்ளாப்பியின் வாயை மூடியிருக்கும் பளபளப்பான தகட்டின் மேலேயே. நான் பார்த்துக்கொண்டு நின்றேன், தடுக்கவில்லை. எல்லாம் போன பிறகு சந்தனம் பட்டால் என்ன என்று நினைத்தேன். பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது என்பதால் ஒரு நாள் தப்பித்தோம் என்ற சந்தோஷம் வேறு.

விஜயதசமி அன்று அக்காவும் மாமாவும் வந்தார்கள். கம்ப்யூட்டரைச் சரிசெய்ய ரஃபீக்கும் வந்திருந்தான். டாஸ் ஃப்ளாப்பியைப் போட்டு எப்படியோ கிளப்பிவிட்டான். பூஜையைப் பிரித்ததும் ஏதாவது படிக்க வேண்டும் என்பது வழக்கம். அம்மா புத்தகம் எதையும் எடுக்கவில்லை. 'அப்பா' என்று எழுதிய ஃப்ளாப்பியை எடுத்து ரஃபீக் கையில் கொடுத்தாள்.

"இன்னிக்கு இதத்தான் படிக்கணும். போடுப்பா."

ரஃபீக் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். அவன் போட்டான். மெஷின் அரைத்தது. படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது.

"ஏன்டா, வரலையா?" என்றாள் அம்மா.

ரஃபீக் ஃப்ளாப்பியை வெளியே இழுத்தான். காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்தது. எனக்கு அந்த இடத்தில் புத்தி வேலை செய்தது. இன்டர்வியூவில் செய்யாத புத்தி.

"சந்தனம் உள்ள போயிடுச்சும்மா" என்றேன்.

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்குமே?"

"அத அழிச்சிட்டுத்தாம்மா இத ஏத்த முடியும். அதுக்குத்தானே காப்பி எடுத்து வெச்சேன்."

மாமா நல்ல மனுஷர், கனமான நேரத்தை லேசாக்கப் பார்ப்பவர். "என்ன அத்தை, லினக்ஸுக்கே சந்தனக்காப்பு சாத்திட்டீங்களா!" என்றார். அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அம்மா தன் மோதிர விரலைப் பார்த்தாள். அதில் இன்னும் சந்தனத்தின் மஞ்சள் இருந்தது. "அப்ப நான்தான் அவரு வாய அடைச்சிட்டேனா?" என்று கேட்டாள். என்னைத்தான் கேட்டாள்.

இல்லை என்ற ஒரு வார்த்தை போதும். என் தொண்டையில் எந்த ஆபரேஷனும் ஆகவில்லை. ஆனாலும் அந்த வார்த்தை வரவில்லை.

தெருமுனைவரை ரஃபீக்கோடு நடந்தேன். "டேய், சொல்லிடுடா. அம்மா மூஞ்சியப் பாத்தியா?" என்றான். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். பிறகு அவன் துபாய்க்குப் போனான். ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரியாக 'சொல்லிட்டியா?' என்று எழுதுவான். நாலைந்து கடிதத்துக்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டான். (தி. நகர் கம்பெனியில் யூனிக்ஸைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வேலையும் கொடுக்கவில்லை.)

மாமா கதை சொல்லும்போதெல்லாம் அம்மாவும் சிரிப்பாள். சிரித்துவிட்டு, யாருக்காவது தண்ணீர் வேண்டுமா என்று கேட்டபடி எழுந்து போவாள். சில சாயங்காலங்களில் "அப்பா எழுதினது உனக்கு ஞாபகம் இருக்கறதச் சொல்லேன்" என்பாள். ரசம், பக்கத்து வீட்டுக்காரர், புடவை என்று சொல்வேன். முதலில் முப்பது நாற்பது வரி சொல்ல முடிந்தது. வருஷம் போகப் போக நாலைந்து வரிதான் மிஞ்சியது. அந்த நாலைந்தையும் அவள் புதிதாகக் கேட்பவளைப் போலக் கேட்டாள்.

அதன் பிறகு வந்த ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும், சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொரு பொருளின் முன்னாலும் நின்று என்னைக் கேட்பாள். "இதுக்கு வெக்கலாமாடா? கெட்டுடாதே?" மிக்ஸிக்குக் கேட்டாள், இஸ்திரிப் பெட்டிக்குக் கேட்டாள். ஒரு வருஷம் அரிவாள்மனைக்கும் கேட்டாள். "வைம்மா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே இருபது வருஷத்துக்குமேல் ஓட்டிவிட்டேன்.

போன தை மாதம் அம்மா போய்விட்டாள். பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். துக்கத்தைக் கொஞ்சம் ஆற்றலாம் என்று மாமா அந்தக் கதையை எடுத்தார். அத்தை சந்தனம் வைப்பதை விரலால் நடித்தும் காட்டினார். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வரவில்லை.

"என்ன மாப்ளே, அம்மா நெனப்பா?" என்று மாமா என் முதுகில் கை வைத்தார்.

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் இனி வராது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அதையும் அம்மா தலையிலேயே கட்டிவிட்டேன்.